மாஸ்டரின் 1995-ஐ எழுதப் போய்

எங்கள் ஊரை இன்றைக்கும் நாங்கள் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வோம். 2007-இலேயே பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள். பலகையில் அப்படித்தான் இருக்கிறது, வாயில்தான் வரமாட்டேன் என்கிறது. சுற்றிலும் தோட்டங்கள். மலேசியாவில் வியாபாரத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டது இங்கே பக்கத்தில்தான், 1917-இல். தோட்டத்தின் பெயர் தென்னமரம், நட்டது செம்பனை. இப்போது லயங்களில் நம்மவர்கள் குறைவு. பெரும்பாலோர் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தோட்டத் திடலில் பந்து விளையாடிய கதைகள் மட்டும் எங்களோடு சேர்ந்து குடிவந்துவிட்டன. அவற்றில் பாதி மாஸ்டர் கதை.

மாஸ்டர் என்றால் எங்கள் கால்பந்துப் பயிற்சியாளர். பகலில் ரப்பர் ஆலையில் வேலை, நாலரை மணிக்குத் திடல். கழுத்தில் விசில், கையில் ரோத்தான் பிரம்பு. முப்பது வருடம் சம்பளம் வாங்காமல் பையன்களைப் பழக்கினார். இரண்டு பேர் மாநில இளைஞர் அணி வரைக்கும் போனார்கள். மூன்று வருடத்துக்கு முன்பு தவறிப்போனார். சங்கம் அவர் நினைவாக ஒரு மலர் போட முடிவு செய்தது: 200 பிரதி, அதில் 20 பக்கம் மாஸ்டரின் வாழ்க்கை. ஞாயிறு பதிப்புகளுக்கு எப்போதாவது எழுதுகிறவன் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

முதல் கூட்டத்திலேயே இரண்டு கட்டளை. தலைவர், "செத்தவரைப் பத்தி நல்லது மட்டும் எழுதுப்பா" என்றார். வெளியே ஒட்டுக்கடையில் மைலோ குடித்துக்கொண்டிருந்தவர், "95 விஷயத்தை விட்டுட்டு எழுதினா, நீ எழுதுற மத்ததையும் எவனும் நம்ப மாட்டான் லா" என்றார். இரண்டாவது ஆள் சொன்னதுதான் எனக்கு உறுத்தியது. ஊரே அறிந்த ஒன்றைத் தாண்டிக் குதித்தால், குதித்த இடம்தான் எல்லோர் கண்ணிலும் படும்.

95 விஷயம் என்று ஊர் சொல்வது இதுதான்: "மாஸ்டர் காசு வாங்கிட்டு ஃபைனலை விட்டுக் குடுத்தாராம். சங்கத்தை விட்டுத் தூக்கிட்டாங்களாம். போலீஸ்கூட வந்துச்சாம்."

மூன்று வாக்கியம், மூன்று ஆம். இந்த ஓர் எழுத்தும் ஒற்றும் நம் மொழியில் எவ்வளவு வேலை செய்கிறது என்று அதற்கு முன் நான் யோசித்ததே இல்லை. சொல்கிறவன் பொய் சொல்லவில்லை, கேட்டதைத்தான் சொல்கிறான். பொறுப்பு அவனிடம் இல்லை, யாரிடமும் இல்லை. பேச்சில் இருக்கிறவரை அது பாதகமில்லை, கேட்கிறவனுக்கும் அது வதந்தி என்று தெரியும். எழுதும்போது அந்த 'ஆம்' கோட்டுசூட்டு போட்டுக்கொண்டு 'என்று கூறப்படுகிறது' ஆகிவிடுகிறது. யார் கூறியது? எப்போது? யாரிடம்? என் முதல் வரைவில் ஒன்பது இடத்தில் 'கூறப்படுகிறது' இருந்தது. சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றையும் வட்டமிட்டு, பக்கத்தில் 'யார்?' என்று எழுதினேன். பதில் கிடைக்காத வரிகளை எடுத்துவிட்டேன். நாலுதான் தேறின. வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்களுக்கு என்னிடம் இருக்கிற ஒரே உருப்படியான உத்தி இதுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

அந்த வரைவில் இன்னொரு தப்பும் செய்திருந்தேன். 95-ஐத் தனியாகப் பிரித்து, கடைசியில் 'சர்ச்சைகள்' என்று தலைப்புப் போட்டு வைத்திருந்தேன். பார்க்க நேர்மையாகத்தான் இருந்தது. ஆனால் என் மனைவி தாளைக் கையில் வாங்கியதும் நேராக அந்தப் பக்கத்தைத்தான் புரட்டினாள். முன்னால் இருந்த பதினேழு பக்கமும் வெறும் பாராட்டு மடல்; கடைசி மூன்று பக்கம் குப்பைக்கூடை. ஒரே மனிதர் இரண்டு ஆளாகத் தெரிந்தார். பிறகு பெரிய மாஜோங் தாள் ஒன்றை மேசையில் விரித்து வருடங்களைக் கோடு போட்டு, எது எந்த வருடத்தில் நடந்ததோ அதை அங்கேயே எழுதினேன். 1995 என்பது 94-க்கும் 96-க்கும் நடுவில் போய் உட்கார்ந்தது. சரி, இனி அங்கே என்னதான் நடந்தது என்று பார்க்க வேண்டும்.

அந்த நேரத்தில் நாடு முழுக்க ஆட்டத்தை விற்ற பேச்சாகத்தான் இருந்தது. 1994, 95-இல் மலேசியக் கால்பந்தில் வெடித்த விவகாரத்தில் 126 ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள், 58 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள், ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களுமாக 21 பேர் நீக்கப்பட்டார்கள். விசாரணை வேறு, இடைநீக்கம் வேறு, நீக்கம் வேறு. சிலரை 1933-ஆம் ஆண்டின் வசிப்பிடக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் வேறு மாவட்டங்களுக்கு அனுப்பி, அங்கேயே இருக்க வைத்தார்கள். 2011-இல் நீக்கப்பட்ட அந்தச் சட்டத்தில், வழக்கு நடத்தி நிரூபிக்க வேண்டும் என்று இருந்ததில்லை. ஆகவே அவர்களைப் பற்றி எழுதினாலும் 'தண்டிக்கப்பட்ட குற்றவாளி' என்று எழுத முடியாது. 'அனுப்பப்பட்டார்' என்றுதான் எழுதலாம். தோட்டத்தில் இந்த வித்தியாசமெல்லாம் யார் பார்த்தார்கள்? பத்திரிகையில் தினமும் அந்தச் செய்தி. எங்கள் அணி தீபாவளிக்கு முந்தைய வாரம் இறுதி ஆட்டத்தில் மூன்றுக்குப் பூஜ்யம் தோற்றது. அதுவும் முதல்தர கோல்கீப்பரை மாஸ்டர் வெளியே உட்கார வைத்த ஆட்டம். காரணம் தேடி யாரும் தூரம் போகவில்லை.

எங்கள் சங்கத்தின் பழைய செயலாளர் தோட்ட ஆபீசில் கிராணியாக இருந்தவர். எண்பதைத் தாண்டிவிட்டார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இழுத்தார். உள்ளே கூட்டக் குறிப்புப் புத்தகம், ரசீதுக் கட்டு, துருப்பிடித்த விசில் ஒன்று. நவம்பர் 1995 கூட்டத்தின் தீர்மானம் நீல மையில், அந்தக் காலத்து உருண்டைக் கையெழுத்தில் இருந்தது: ஜெர்சி வாங்குவதற்காகக் குடும்பங்களிடம் திரட்டிய 1,840 வெள்ளிக்கு (ரிங்கிட்) கணக்கு ஒப்படைக்காததால் பயிற்சியாளர் ஓராண்டுக்கு இடைநீக்கம். இறுதி ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

"ஐயா, அப்போ ஆட்டத்தை வித்தது?"

"அத யாரு பார்த்தா? ஜெர்சி காசு விஷயத்தை நாங்க வெளிய சொல்லல, மானம் போயிடும்னு. ஆளைக் காணோம்னதும் ஊர் அதுவா ஒண்ணு கட்டிக்கிச்சு."

"போலீஸ் வந்ததா?"

"வந்துச்சே. ஒட்டுக்கடையில சம்சு சாராயம் பிடிக்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. சங்கத்தின் மானத்தைக் காப்பாற்ற ஒன்றை மறைத்தார்கள். அந்த இடத்தில் அதைவிடப் பெரிய பழி ஒன்று வந்து முப்பது வருடம் குடியிருந்திருக்கிறது. நிறுவனங்கள் கௌரவமாக வாயை மூடிக்கொள்வதில் இருக்கிற ஆபத்து இதுதான் போல.

ரசீதுகளைக் கூட்டினேன். மாஸ்டர் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார், பதினொரு தவணையில், கடைசியாக 1996 அக்டோபரில். மொத்தம் 1,200 வெள்ளி என்று கணக்கு வந்தது. மீதி 640 வரவே இல்லை. 1997 ஜனவரியில் மறுபடியும் திடலுக்கு வந்துவிட்டார். பணம் எதற்குச் செலவானது என்று எந்தத் தாளிலும் இல்லை. ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள்: நாலு நம்பர் எடுத்தார், மனைவிக்கு மருந்து வாங்கினார், அண்ணன் மகன் ஏமாற்றினான். நல்ல காரணத்தை எழுதினால் மாஸ்டர் தியாகி, கெட்டதை எழுதினால் சூதாடி. இரண்டையும் எழுதவில்லை. 'எதற்குச் செலவானது என்பதற்குக் குறிப்பு இல்லை' என்று நிறுத்தினேன். 'கையாடல்' என்று முதலில் எழுதியிருந்ததையும் அடித்தேன். தீர்மானத்தில் இருந்த சொல் 'கணக்கு ஒப்படைக்கவில்லை'. முப்பது வருடம் கழித்து அவர் குற்றத்தைக் கூட்டவும் குறைக்கவும் நான் யார்?

கோல்கீப்பர் அண்ணன் இப்போது கிள்ளானில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். அன்றைக்கு ஏன் வெளியே உட்கார வைக்கப்பட்டார் என்று கேட்டேன். சொன்னார். பணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "எழுதாத தம்பி" என்றும் சொன்னார். மலரில் எழுதவில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை. அவர் கதையை விற்று மாஸ்டரின் பெயரைக் காப்பாற்ற எனக்கு உரிமையில்லை. மலரில் வந்தது இரண்டே வரி: 'அந்த ஆட்டத்தில் பணம் கைமாறியது என்ற பேச்சுக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. அணித் தேர்வுக்கு வேறு காரணம் இருந்ததாக அணியில் இருந்த ஒருவர் என்னிடம் சொன்னார்.' அச்சுக்குப் போகுமுன் போனில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். "அது போதும்" என்றார்.

அந்த இரண்டு வரியைப் போடுவதா வேண்டாமா என்பதே ஒரு வாரச் சண்டை. மறுத்து எழுதினால் அறியாதவனுக்கும் வதந்தியை நாமே அறிமுகம் செய்தது போலாகும். எங்கள் ஊரில் அறியாதவன் என்று யாரும் இல்லை என்பதால் போட்டோம். வதந்தி நாலு பேரோடு நின்றிருந்தால், நான் வாய் திறந்திருக்க மாட்டேன்.

வழக்கறிஞராக இருக்கிற நண்பன் ஒருவன் வரைவைப் படித்தான். செத்தவருக்காக அவதூறு வழக்குப் போட்டு நஷ்டஈடு வாங்க முடியாது, ஆனால் அதை நம்பி ஆடாதே என்றான். தண்டனைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவில், குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் எண்ணத்தோடு இறந்தவர்மேல் பழி போடுவதும் அவதூறாகலாம் என்று விளக்கம் இருக்கிறது. அதைவிட முக்கியம், 'காசு கொடுத்தவர்' என்று ஊர் கைகாட்டும் ஆள் உயிரோடு இருக்கிறார். 1957-ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டப்படி அவர் வழக்குப் போட்டால், உண்மை என்று நிரூபிக்க வேண்டியது எழுதியவன்தான். 'பந்தயம் கட்டும் ஒரு கடைக்காரர்' என்று நான் எழுதியிருந்ததை நண்பன் சுட்டிக்காட்டினான். பெயர் இல்லையே என்றேன். "உங்க ஊர்ல கடைக்காரர் எத்தனை பேருடா?" என்றான். எடுத்துவிட்டேன்.

எவ்வளவு இடம் கொடுப்பது என்பதிலும் குழம்பினேன். அதைத் தெளிவாக்கியது பூப்பந்து ஆட்டக்காரர் லீ சோங் வெய். அவரைப் பற்றி 'ஊக்கமருந்தில் சிக்கியவர்' என்று ஒருவர் எழுதினால் அதில் பொய் இல்லை, ஆனாலும் அநியாயம். முழு வாக்கியம் நீளமானது: 2014 ஆகஸ்டில் கோப்பன்ஹேகன் உலகப் போட்டியில் எடுத்த மாதிரியில் டெக்ஸாமெதசோன் இருந்தது, 2015 ஏப்ரலில் விசாரணைக் குழு, ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று சொல்லி, முன்தேதியிட்டு எட்டு மாதத் தடை விதித்தது, அந்தப் போட்டியின் வெள்ளிப் பதக்கம் போனது. நீட்டி எழுதினால் ஆளுக்குச் சாதகமாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பார்த்தால் பறிபோன பதக்கமும் நீண்ட வாக்கியத்தில்தான் இருக்கிறது.

நேரெதிர் உதாரணம் கனடா ஓட்டக்காரர் பென் ஜான்சனின் பயிற்சியாளர் சார்லி பிரான்சிஸ். ஜான்சனுக்கு 1988 சியோல் ஒலிம்பிக் 100 மீட்டரில் 9.79 வினாடி, மூன்று நாளில் ஊக்கமருந்துக்காகப் பதக்கம் பறிப்பு. மறுவருடம் கனடாவில் டூபின் தலைமையில் நடந்த விசாரணையில், தன் ஓட்டக்காரர்கள் ஸ்டீராய்டு எடுத்ததைப் பிரான்சிஸ் தானே சத்தியம் செய்து சொன்னார். அது அவர் பயிற்சி முறையின் ஒரு பகுதியாகவே இருந்தது. அவர் வாழ்க்கையை எழுதுகிறவர் அதை ஒரு பத்திக்குள் அடக்கினால் அதுதான் ஏமாற்று. மாஸ்டரின் ஜெர்சிக் காசு அப்படியல்ல, முப்பது வருடத்தில் ஒரு வருடம். இருபது பக்கத்தில் ஒன்றரைப் பக்கம் கொடுத்தேன். வேலை முடிந்தது, நியாயமாக எழுதிவிட்டோம் என்று எனக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அப்புறம் பழைய ஆட்டக்காரர்கள் பத்துப் பேருக்கு வரைவை நகலெடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் என் வகுப்புத் தோழன் ஒருவன் கூப்பிட்டான். இருபது வருடமாக ராவாங்கில் லாரி ஓட்டுகிறான்.

"கண்டிப்புன்னு ஒரு பக்கம் எழுதியிருக்க."

"ஆமாடா. எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறதுதானே."

"அதுக்குள்ளதான் என் காது இருக்கு."

அந்தப் பக்கத்தில் வேடிக்கையாக ஒரு வரி எழுதியிருந்தேன்: 'மாஸ்டர் ஒரு அறை விட்டால் திடலின் அந்தக் கோடி வரை கேட்கும்.' 1992-இல் எங்களுக்குப் பதினாலு வயது. பயிற்சிக்கு அரை மணி தாமதமாக வந்ததற்காக இவன் வாங்கிய அறையின் சத்தம்தான் அது. நான் அந்தக் கோடியில் பந்தோடு நின்றிருந்தேன், எனக்குக் கேட்டது. செவிப்பறை கிழிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பந்து பட்டது என்று சொல்லச் சொன்னார்கள், சொன்னான். இன்றைக்கும் அந்தப் பக்கம் கேட்காது. முப்பது வருடம் கழித்து அதை நான் நகைச்சுவையாக எழுதியிருக்கிறேன்.

வதந்தியைத் துரத்திக்கொண்டு கிள்ளான் வரை போனவன், என் கண் முன்னால் நடந்ததைப் பார்க்கவில்லை. ஊர் எதை விவகாரம் என்று பெயர் வைத்ததோ அதை மட்டும் நானும் விவகாரமாக எடுத்துக்கொண்டேன். காசு போனால் தீர்மானம் உண்டு, ரசீது உண்டு. காது போனதற்குக் கூட்டக் குறிப்பில் ஒரு வரி இல்லை.

சங்கத்தில் இதைச் சொன்னதும் தலைவர், "அந்தக் காலம் அப்படி" என்றார். அந்தக் காலத்தைத் தேடிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில்கூட 1959-ஆம் ஆண்டின் ஒழுங்கு விதிகள்படி பிரம்படி பையன்களுக்கு மட்டும், அதுவும் உள்ளங்கையிலோ, உடைக்கு மேலாகப் பின்புறத்திலோதான். முகத்தில் அறையலாம் என்று எந்தக் காலமும் எழுதி வைக்கவில்லை. எல்லோரும் செய்தார்கள் என்பது உண்மை, அதையும் எழுதினேன். ஆனால் அதை மன்னிப்பாக எழுதவில்லை, சூழலாக எழுதினேன். மற்றவர்களையும் கேட்டேன். இன்னும் இரண்டு பேர் தங்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள். 'கண்டிப்பு' என்ற தலைப்பு போனது. எந்த வருடம், என்ன வயது, என்ன நடந்தது, என்ன ஆனது. பெயரும் இல்லை, 'கொடூரம்' போன்ற சொல்லும் இல்லை. தோழன் இரண்டு தடவை படித்துப் பார்த்து, "லாரி ஓட்டுறதைப் போடாத, கண்டுபிடிச்சிருவாங்க" என்றான். மலரில் போடவில்லை. இங்கே போடலாம் என்று பிறகு அவனே சொன்னான்.

கடைசியாக மாஸ்டரின் மகளிடம் போனேன். பதில் சொல்ல மாஸ்டர் இல்லை. அவருக்காகப் பேசக்கூடிய ஆள் அக்காதான். அனுமதி கேட்கப் போகவில்லை, காட்டப் போனேன். இந்த வித்தியாசத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு மனவருத்தம் வேண்டாமே என்று. பசியாற இட்லி வைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பென்சிலோடு உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"தம்பி, பாக்கி 640 இல்ல, 645."

உள்ளே போய் ஒரு பழைய கைப்பையை எடுத்து வந்தார். எங்கள் ரசீதுக் கட்டுக்குள் இருந்த நகல்களுக்கு மூல ரசீதுகள் அவரிடம் இருந்தன. ஒன்றில் 105, மங்கிப்போன நகலில் நான் 110 என்று படித்திருக்கிறேன். அப்பா தர வேண்டிய பாக்கியை மகள் ஐந்து வெள்ளி கூட்டித் திருத்தினார்.

அறை விஷயத்தில், "எடுக்கச் சொல்ல மாட்டேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா அடுத்த பக்கத்திலேயே இருபது பேர் மாஸ்டருக்கு நன்றின்னு எழுதினதைப் போட்டிருக்கீங்க. அடிச்சதுக்கு நன்றி சொன்ன மாதிரி இருக்கு. நடுவுல வேற ஏதாவது வைங்க" என்றார். எத்தனையோ பேர் படித்தும் யார் கண்ணிலும் படாதது அது. நடுவில் 1993 அணியின் படத்தை வைத்தோம். அதில் தோழன் முன்வரிசையில் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறான், பின்னால் மாஸ்டரின் கை அவன் தோளில் இருக்கிறது. படத்துக்குக் கீழே வருடத்தைத் தவிர ஒன்றும் எழுதவில்லை.

கோயில் மண்டபத்தில் வெளியீடு. தலைவர் பேச்சு, பொன்னாடை, மீ கோரேங். பின்வரிசையில் தோழன் உட்கார்ந்திருந்தான். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுந்து, என்னைச் சுற்றி வந்து, மறுபக்கத்து நாற்காலிக்கு மாறிக்கொண்டான்.

"பக்கம் 31 பாரு" என்றான்.

'இடது காதின் கேட்கும் திறனை இழந்தார்' என்று அச்சாகியிருந்தது.

"எனக்கு வலதுடா."

அவன் படித்துப் பார்த்த வரைவில் 'ஒரு காது' என்றுதான் இருந்தது. கடைசி நேரத்தில், இன்னும் துல்லியமாக இருக்கட்டும் என்று யாரையும் கேட்காமல் நான் சேர்த்த சொல் அது.

மறுநாள் ராத்திரி சங்க அறையில் நாலு பேர் உட்கார்ந்து 'வலது' என்று அச்சடித்த சின்னத் துண்டுகளை வெட்டி, ஒவ்வொரு பிரதியாகத் திறந்து ஒட்டினோம். அவனும் லாரியை வெளியே நிறுத்திவிட்டு வந்து ஒட்டினான். 170 பிரதி முடிந்தது. மீதி 30 மண்டபத்திலிருந்தே வீடுகளுக்குப் போய்விட்டன. பாதியைத் தேடிப் போய்த் திருத்திவிட்டேன், மற்றவற்றில் இன்னும் இடது காதுதான்.